காய்ச்சல் கண்ட வாள்

தாமிரபரணிக்குத் தெற்கே, ஆறு ஒருகாலத்தில் ஓடிப் பிறகு மனசு மாறித் தள்ளிப்போன செம்மண் மேட்டில், தாழிக்காடு என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊரில் ஒரு பங்குனி மாதம் வாளொன்றுக்குக் காய்ச்சல் கண்டது. ஊர்க்காரர்கள் இதை யாரிடமும் அதிசயம்போலச் சொல்வதில்லை. "அந்த வருசம் கத்தரிக்கா வெல போகல, பம்புசெட்டு மோட்டார் எரிஞ்சுபோச்சு, வாளுக்கு அம்ம போட்டிருந்துச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

வாளை மண்ணிலிருந்து எடுத்தவள் முப்பிடாதி. தொல்லியல் துறை வெட்டிய குழிகளில் மண் அள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவள் கைக்கு அன்று அகப்பட்ட முதுமக்கள் தாழி மற்றத் தாழிகளைப்போலப் பெரியது அல்ல, இடுப்பில் வைத்துத் தூக்கும் அளவுதான். உள்ளே ஒரு குழந்தையின் எலும்புகள் மாவாகிக் கிடந்தன, அந்த மாவின்மேல் சாய்ந்தாற்போல முழங்கை நீளத்தில் ஒரு வெண்கல வாள் இருந்தது. முப்பிடாதி அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்தாள், எடுத்தவள் ஒரு நொடி யோசித்துவிட்டுப் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"ஏ சார், இதுக்கு மேலு சுடுது," என்றாள்.

குழிக்கு மேலே குடையோடு நின்ற அகழாய்வு அதிகாரி ஞானதிரவியம் வெயிலில் கிடந்தால் சுடத்தானே செய்யும் என்று சொல்லி, அதை நிழலில் வைக்கச் சொன்னார். நிழலில் வைத்தும் சூடு இறங்கவில்லை. பொழுது சாயச்சாய, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஏறுவதுபோல ஏறத்தான் செய்தது. அதோடு வாளின் மேலெல்லாம் வெளிர்ப்பச்சையில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பியிருந்தது. அதைப் பார்த்துப் பயந்த பெண்களுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஞானதிரவியம், "வெண்கலத்துக்கு இப்படி ஒரு நோய் உண்டும்மா, மண்ணுல உள்ள உப்பு உள்ள எறங்கியிருந்தா, காத்துப் பட்டதும் பச்சையாப் பொரிஞ்சு வரும்," என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் பங்குனி மாதத்தில் உடம்பு சுட்டு, மேலெல்லாம் முத்துப் போட்டால் அதற்குத் தாழிக்காட்டில் ஒரு பெயர்தான் உண்டு. படித்த அதிகாரியே நோய் என்று ஒத்துக்கொண்ட பிறகு பேச என்ன இருக்கிறது? விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வாள் வைத்திருந்த பஞ்சாயத்து டி.வி. ரூம் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கிவிட்டது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது. இது எந்த வீடு என்பதில்தான் குழப்பம் வந்தது. டி.வி. ரூம் எல்லோருக்கும் பொது, ஆகையால் ஊர் முழுக்க ஒரே வீடு என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து தாழிக்காட்டில் ஒரு அடுப்பிலும் கடுகு வெடிக்கவில்லை. ஆறுமுகநயினார் டீக்கடையில் வடைச்சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கொழுக்கட்டை அவித்தார், திருச்செந்தூர் பஸ் ஊருக்குள் வரும்போது ஹாரன் அடிக்காமல் உருண்டு வந்து உருண்டு போயிற்று, மீன்காரி ஊர் எல்லையிலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டாள். அம்மை வீட்டில் யாரும் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லி விடைபெறக்கூடாது, கூடவே அம்மையும் வந்துவிடும் என்பது முறை. அதனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து நடந்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் காப்பியைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட, வேண்டாமென்றுதான் போய்விட்டார்கள் என்று பெண்வீட்டில் அழுதார்கள். வழியனுப்ப ஒருத்தரும் வரவில்லையே என்று மாப்பிள்ளை வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். கல்யாணம் என்னவோ ஆவணியில் நடக்கத்தான் செய்தது. ஞானதிரவியம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அவரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஊறுகாய்கூடத் தொடாமல் மோர்ச்சோறு சாப்பிட்டார். துணை சுகாதார நிலைய நர்ஸம்மா வந்து தெர்மாமீட்டரை வாளின் பிடியில் வைத்துப் பார்த்து, "காய்ச்சல்தான், ஆனா மாத்திரைய எங்கன போட?" என்று கேட்டுவிட்டுச் சொல்லாமல் போனாள்.

இந்த ஊருக்குத்தான் உமையொருபாகம் தன் மனைவி வடிவாம்பாளோடு வந்து சேர்ந்தார்.

உமையொருபாகம் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உலோகங்களைப் படிப்பவர், அதிலும் பழைய ஆயுதங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. அம்புமுனையோ ஈட்டியோ எது வந்தாலும் அதிலிருந்து கடுகளவு உலோகத்தை வெட்டியெடுத்து, கண்ணாடிபோல மெருகேற்றி, அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், அது அச்சில் வார்த்ததா, தட்டி நீட்டியதா, எத்தனை சூட்டில் காய்ச்சியது, தண்ணீரில் ஆற்றியதா தானாக ஆறியதா என்று அத்தனையும் சொல்லிவிடுவார். உலோகத்துக்குத் தனக்கு நடந்ததை மறைக்கத் தெரியாது. மனுஷர்கள் அப்படியில்லை என்பதை அவர் வீட்டில்தான் கற்றுக்கொண்டார்.

அவருக்கு நறுமுகை என்றொரு மகள் இருந்தாள். இரண்டாம் வகுப்பு, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. போன வருஷத்து மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் போகும்போது வடிவு அவள் நெற்றியில் வலது கையை வைத்தாள், நெற்றி கொதித்தது. அதுதான் கடைசி. உள்ளேயிருந்து டாக்டர் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது உமையொருபாகம் ஒரு முடிவெடுத்தார், இதை இவள் பார்க்க வேண்டாம் என்று. வடிவை அவள் அண்ணன் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் உள்ளே போனார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றியிருந்தார்கள், கிட்டே போக முயன்ற வடிவை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் இல்லை. அவ்வளவில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வடிவு அழவில்லை, சண்டை போடவுமில்லை. சமைத்தாள், பரிமாறினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை வேலையில்லாத நேரமெல்லாம் மூடி மடியில் வைத்துக்கொள்வாள், சின்னப் பிள்ளைகள் பொன்வண்டைப் பிடித்து மூடிவைத்துக்கொள்வதுபோல. அவளைத் தனியாக விட்டுவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. அதனால்தான் கூட்டிக்கொண்டு வந்தார்.

வெளியூர் ஆட்கள் அம்மை கண்ட இடத்துக்குள் வரக்கூடாதென்று டி.வி. ரூம் வாசலிலேயே மறித்தார்கள். முப்பிடாதி மட்டும் வடிவின் முகத்தையும் அந்த மூடிய கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள வாங்கம்மா," என்றாள். வடிவு போனாள். பழைய டி.வி. பெட்டி வைத்திருந்த சிமென்ட் மேடையில் வேப்பிலைப் படுக்கை, அதன்மேல் வாள். வடிவு அதன் எதிரே நின்று, போன மழைக்காலத்திலிருந்து மூடியிருந்த கையைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

"இதே சூடுதான்," என்றாள்.

அவளாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். வாசலில் நின்ற உமையொருபாகம் தலைக்குமேல் தொங்கிய வேப்பிலைக் கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வடிவு அந்த அறையைவிட்டு அசையவில்லை. வேப்பிலையை மாற்றினாள், வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து வாள்மேல் போட்டாள், துணி காய்ந்ததும் மறுபடி நனைத்தாள், முப்பிடாதி கொண்டுவரும் இளநீரில் விரலை நனைத்து அதன் முனையில் ஒரு சொட்டு வைத்தாள். ஞானதிரவியம் உமையொருபாகத்தின் காதருகே வந்து, "சார், ஈரம் படக்கூடாதுல்ல? இந்த நோய்க்கு ஈரம் விஷமாச்சே," என்றார். "படக்கூடாதுதான்," என்றார் உமையொருபாகம். ஞானதிரவியம் கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் சூடு ஏறும்போது வடிவு வாளிடம் பேசினாள். பள்ளிக்கூட வேனில் நறுமுகைக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டையை, பாகற்காயைச் சட்டைப் பைக்குள் ஒளித்த கதையை, விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய மாடிவீட்டில் கூரை எங்கே என்று அழுததை, எல்லாம் சொன்னாள். உமையொருபாகம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். மகளின் பெயரை அந்தக் குரலில் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. வடிவு நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், முப்பிடாதி பேன் பார்த்துவிட்டபோது சிரித்தாள்கூட. ஒரு பெண்டாட்டியைத் தொலைத்தவருக்கு அவள் திரும்பக் கிடைத்திருக்கிறாள், அதுவும் ஒரு வாளின் காய்ச்சல் இருக்கும்வரைதான் என்ற நிபந்தனையோடு.

அவர் வந்த வேலை ஒன்று இருந்தது. ஒருநாள் காலை, முப்பிடாதி ஒத்துக்கொண்ட பிறகு, நுண்ணிய ரம்பத்தோடு உள்ளே போனார்.

"எவ்வளவு எடுப்பீங்க?" என்றாள் வடிவு.

"கடுகளவு. பிடியோட அடியில. வெளிய தெரியாது."

"வலிக்காம எடுங்க," என்று சொல்லிவிட்டு, ஊசி போடும்போது பிள்ளையைப் பிடிப்பதுபோல வாளை மடியில் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

அந்தக் கடுகளவை எடுத்துக்கொண்டு அவர் ரயிலேறிச் சென்னைக்குப் போனார். சட்டைப் பையில் அது வழியெல்லாம் கணகணவென்று இருந்தது. முதலில் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்தார். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். ஆயுதத்துக்கு வெள்ளீயம் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். இதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இருந்தது. அது கஞ்சி குடிக்கும் கிண்ணத்துக்கும் பூசை மணிக்கும் உரிய கலவை. யாரும் அதில் வாள் செய்வதில்லை. காரணம், அந்தக் கலவையைச் சூடாக்கி அதன்பாட்டில் ஆறவிட்டால் அப்பளம்போல நொறுங்கும், செக்கச்செவேலென்று காய்ச்சி ஒரே முக்காகத் தண்ணீரில் முக்கினால்தான் உறுதிப்படும். தண்ணீரில் முக்கியிருந்தால் நுண்ணோக்கியில் ஊசியூசியாகத் தெரியும், தானாக ஆறியிருந்தால் சாம்பல்நீலத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். உமையொருபாகம் கண்ணை வைத்துப் பார்த்தார். இரண்டும் இல்லை. உலோகத்தின் மணிகள், நெருப்பில் இருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, கடைசிப் பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்களைப்போல. அவை தண்ணீருக்காகக் காத்திருக்கின்றன என்பது அவருக்குப் புரிந்தது. அந்த வாளைச் செய்தவன் எல்லாம் செய்துவிட்டுக் கடைசி வேலையை மட்டும் செய்யாமல் எழுந்து போயிருக்கிறான்.

ஏன் எழுந்து போனான் என்பதற்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. பிடியின் அளவை அவர் வரைந்து வைத்திருந்தார். அந்தக் கோட்டின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தால் இரண்டு விரல்தான் அடங்கியது. பெரியவர்கள் பிடிக்கிற பிடியே அல்ல அது. கிண்ணம் செய்கிற ஒருவன், வேறெந்தக் கலவையும் தெரியாதவன், காய்ச்சலில் கிடக்கும் தன் பிள்ளை கேட்டதென்று ஒரு வாள் செய்ய உட்கார்ந்திருக்கிறான். தட்டி, நீட்டி, கடைசியாக நெருப்பில் வைத்து எடுக்கிற நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். போனவன் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பி வரவேயில்லை. பிள்ளையைத் தாழியில் வைத்தபோது வாளையும் அப்படியே, ஆறாத சூட்டோடு, கூட வைத்திருக்கிறான். இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுத முடியாது. உமையொருபாகம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தத் தகப்பனுக்காக அழுதார், பிறகு தனக்காகவும் அழுதார்.

அவர் தாழிக்காட்டுக்குத் திரும்பியபோது காய்ச்சல் முற்றியிருந்தது. ஈரத்துணி வாளின்மேல் பட்டதும் சுர்ரென்றது, வேப்பிலை சுருண்டு கருகியது, டி.வி. ரூம் சுவரில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முப்பிடாதியின் கைவிரல்கள் கொப்பளித்திருந்தன. வடிவின் கை மட்டும் சுடவில்லை. ஊர் கூடிப் பேசி, வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். முத்து இறங்குகிறதோ இல்லையோ, இதற்குமேல் ஊர் தாங்காது. தாளிக்காத குழம்பைத் தின்று ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் முகம் செத்துப்போயிருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, செம்பு செம்பாக மூன்று முறை ஊற்றுவார்கள், அம்மை இறங்கிவிடும்.

"செம்பு செம்பா ஊத்தினா வெடிச்சிரும்," என்றார் உமையொருபாகம். "ஒரு பக்கம் குளிரும், ஒரு பக்கம் சுடும், நடுவுல கீறல் விழும். முழுசா, ஒரே முக்கா முக்கணும்."

"முக்குனா என்ன, ஊத்துனா என்ன," என்றாள் முப்பிடாதி. "தல நனையணும். அம்புட்டுதான சார்?"

ஊர் ஒத்துக்கொண்டது. வடிவு ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம்," என்று சொல்லிவிட்டு வாளுக்கு முன்னால் நின்றுகொண்டாள். முப்பிடாதி எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனாள். அறைக்குள் வடிவும் உமையொருபாகமும்தான்.

"முக்கலேன்னா என்ன ஆகும்?" என்றாள் வடிவு.

"நாளைக்குள்ள ஏற வேண்டிய சூடு ஏறிரும். அப்புறம் தானா ஆற ஆரம்பிச்சிரும். ஆறினா நொறுங்கிரும் வடிவு. கையில எடுக்கக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

"முக்கினா?"

"நிக்கும். எத்தனை காலமானாலும் நிக்கும்."

"ஆனா குளுந்துரும்."

அவர் பார்வையை வாளுக்குத் திருப்பினார். "சொல்லுங்க," என்றாள். "ஆமா. குளுந்துரும்," என்றார்.

வடிவு வேப்பிலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். "அன்னிக்கு என்னைக் கார்ல ஏத்திவிட்டது யாரு?"

"நான்தான்."

"நான் போறேன்னு சொன்னேனா?"

"இல்ல. உன்னைக் கேக்கல."

"எங்கிட்ட அந்தச் சூடு மட்டுந்தாங்க இருக்கு," என்றாள். குரல் உயரவேயில்லை. "அதுக்கப்புறம் இருந்ததெல்லாம் நீங்களே வச்சுக்கிட்டீங்க. ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னீங்களா? அவ எப்பிடி இருந்தான்னு, கண்ணு மூடியிருந்துச்சா, கையி எப்பிடி இருந்துச்சுன்னு... எனக்கு அவ இன்னும் கொதிச்சிக்கிட்டே இருக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன்," என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இத்தனை நாளும் அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தது அதுதான், அது பொய். "இல்ல வடிவு. நீ தாங்காம உடையிறத நான் பாக்கணுமேன்னுதான். என்னாலதான் முடியல. எம்மேலதான் தப்பு." பிறகு அந்தக் கடுகளவில் தான் பார்த்ததை அவளிடம் சொன்னார். கிண்ணம் செய்கிறவன் ஒருவன் தன் பிள்ளைக்கு வாள் செய்ததையும், பாதியில் எழுந்து போனதையும், அவன் விட்டுப்போன இடத்திலேயே அது இன்னும் நிற்பதையும் சொன்னார். வடிவு நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டாள், புதிதாக நனைக்கவில்லை.

"நாளைக்கு நான்தான் முக்குவேன்," என்றாள். "வேற யாரும் தொடக்கூடாது."

வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன்னால் அம்மன் கோயில் கஞ்சி அண்டாவை டி.வி. ரூம் வாசலுக்கு உருட்டிக்கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டார்கள். ஊர் முழுக்க அங்கேதான் நின்றது, ஆறுமுகநயினார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், திருச்செந்தூர் பஸ்கூட ஆட்களோடு ஓரமாக நின்றுவிட்டது. உள்ளே வேப்பிலைப் படுக்கை எரிந்து சாம்பலாகிவிட, வாள் கீழே நெருப்பு எதுவும் இல்லாமலேயே சிவந்துகொண்டு வந்தது, முதலில் மருதாணி நிறத்தில், பிறகு செம்பருத்தி நிறத்தில். உமையொருபாகம் கண்ணால் அந்த நிறத்தை அளந்துகொண்டே நின்றார். "இப்போ," என்றார்.

வடிவு கொல்லப்பட்டறையிலிருந்து வாங்கிவந்த இடுக்கியால் வாளை எடுத்தாள். வாசல்படி தாண்டும்போது இடுக்கி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் பிடிக்கப் போனார், அவள் தலையை அசைத்ததும் ஒதுங்கிக்கொண்டார், இந்தமுறை அவள் கடைசிவரை போகட்டுமென்று. அண்டாவின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு," என்று சொல்லிக்கொண்டே ஒரே முக்காக முக்கினாள்.

தண்ணீர் அலறிற்று. ஆவி எழும்பி ஊரையே மூடிற்று, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை, வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாடை தெருவெல்லாம் நிறைந்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து பூசை மணிபோல ஒரே ஒரு நாதம் கேட்டு, நீண்டு, மெலிந்து, நின்றது. ஆவி விலகியபோது வடிவு இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். வாளை வெளியே எடுத்தாள். கீறல் இல்லை, முழுசாக இருந்தது. அதை மடியில் வைத்து வலது உள்ளங்கையால் அடியிலிருந்து முனைவரைக்கும் தடவினாள்.

"இப்பிடித்தான் இருந்தாளா?" என்றாள்.

உமையொருபாகம் அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார். "ஆமா. இப்பிடித்தான்."

"நெத்தியும்?"

"நெத்தியும். கையி, காலு, எல்லாம். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. வாய் மட்டும் கொஞ்சம் தெறந்திருந்துச்சு, பல்லு விழுந்த எடம் தெரிஞ்சுச்சு."

வடிவு வாளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, போன மழைக்காலத்திலிருந்து வராத அந்த அழுகையை அழுதாள். குலவை போடக் காத்திருந்த பெண்கள் குலவையை மறந்து, முப்பிடாதி முதலில், பிறகு ஒவ்வொருத்தராக அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, தங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகவும் தாய்மார்களுக்காகவும் சேர்த்து அழுதார்கள். ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்து, யாருக்கு என்னவென்று தெரியாமலே அழுதார்கள். அழுது முடிக்க நெடுநேரம் ஆயிற்று, யாரும் அவளை எழுப்பவில்லை, யாரும் போதும் என்று சொல்லவில்லை.

பிறகு எங்கோ ஒரு வீட்டில் எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்தது. அடுத்த வீட்டில் வெடித்தது, அதற்கடுத்த தெருவில் வெடித்தது, கொஞ்ச நேரத்தில் தாழிக்காடு முழுக்கக் கடுகும் கறிவேப்பிலையும் பொரிகிற சத்தம்தான். முப்பிடாதி ஒரு தட்டில் சோறும் தாளித்த குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வடிவு முதல் உருண்டையை உருட்டி, கொஞ்சம் யோசித்து, அதை உமையொருபாகத்தின் கையில் வைத்தாள்.

சாயங்காலம் வாளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேன் வந்தது. ஞானதிரவியம் பெட்டிக்குள் பஞ்சு பரப்பினார், வடிவு தன் கையால் வாளைக் கிடத்தி மேலே ஒரு பஞ்சு மூடினாள். பெட்டியை வேனில் ஏற்றினார்கள். அம்மை இறங்கியாயிற்று, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று, இனி விடைபெறலாம். இத்தனை நாளாக ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்த ஜனங்களெல்லாம் வேனைச் சுற்றி நின்றுகொண்டு, "போயிட்டு வா, போயிட்டு வா" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்கள்.

வேன் கிளம்பியது. வடிவு அதோடு கூடவே நடந்தாள், பிறகு கொஞ்சம் ஓடினாள், டீக்கடைத் திருப்பத்தில் நின்றுவிட்டாள். வலது கையை விரல்விரித்துத் தலைக்குமேல் தூக்கி, பள்ளிக்கூட வேனைப் பார்த்து ஆட்டுவதுபோல ஆட்டினாள்.

"போயிட்டு வா நறுமுகை," என்றாள்.